நாலு சைபரும் ஒரு வெற்றுக் காசோலையும்

ரொம்ப நாளாக மனசுக்குள் குமுறிக்கொண்டிருந்த விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். "பி.காம் படிக்கிற பயலுக்கு சர்வர் கான்ஃபிக்ல என்னடா வேலை?" என்று கேட்கப் போகிற நண்பர்கள் கடைசி வரை படிக்கவும். வேலை இருக்கிறது. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும் ஒரு கணக்கு சமாச்சாரம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்டெரிஸ்க் பற்றி 'ஐந்தே நிமிடத்தில் அமைக்கலாம்' என்று பாடம் எழுதுகிற அண்ணன்மார்களே, அதன் உள்ளேயே இருக்கும் வெப் சர்வருக்கு "பைண்ட்அட்ரஸ் வரியில் 0.0.0.0 போடு, வேலை முடிந்தது" என்று எழுதுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த நாலு சைபரும் டெக்னிகல் செட்டிங் இல்லை. அடுத்தவன் காசோலைப் புத்தகத்தில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டு, ரோட்டில் வைத்துவிட்டு வருகிற வேலை.

சரி, தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக் குதிக்கலாம்.

ஒரு ஆபீசில் பத்து மேஜை, பத்து போன், வெளியே போக இரண்டு லைன். யார் எந்த நம்பரை அழுத்தினால் யாருக்கு மணி அடிக்கும், யார் எஸ்.டி.டி. பேசலாம், ராத்திரி கூப்பிட்டால் எந்த அறிவிப்பு ஓடும் என்றெல்லாம் பார்த்துக்கொள்கிற பெட்டிக்கு பிபிஎக்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் விலை கேட்டாலே மயக்கம் வரும். அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கம்பெனி ஆரம்பித்த மார்க் ஸ்பென்சர் என்ற மாணவருக்கும் அதே மயக்கம்தான். வாங்கக் காசில்லை, அதனால் 1999-ல் தானே ஒன்றை எழுதிவிட்டார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். இலவசம், மூலநிரல் திறந்தது. சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடும். அவருடைய கம்பெனி பிறகு டிஜியம் ஆனது. அதை 2018-ல் சங்கோமா வாங்கியது. நம் வயசுப் பையன் செய்த வேலை என்பதால் எனக்கு இந்த மென்பொருள் மேல் தனிப் பாசம் உண்டு. கோபம் ஆஸ்டெரிஸ்க் மேல் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

2006 கடைசியில் வந்த 1.4 பதிப்பில் ஆஸ்டெரிஸ்குக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வரை வைத்தார்கள். அமைப்புகள் எல்லாம் எச்டிடிபி.கான்ஃப் என்ற ஒரு சின்ன கோப்பில். வழக்கமான போர்ட் 8088. 'வெப் சர்வர்' என்றதும் நம் மனசு எங்கே போகிறது? நாலு பக்கம், இரண்டு படம், ஒரு 'எங்களைப் பற்றி'. யாராவது வந்து பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம் என்று தோன்றும். இங்கேதான் ஆரம்பிக்கிறது தப்பு. இந்த சர்வர் பக்கம் காட்டுவதற்காக வைத்தது இல்லை. எக்ஸ்சேஞ்சின் இயந்திர அறைக்குள் போகிற பக்கவாட்டுக் கதவு. மேனேஜர் இன்டர்ஃபேஸ் என்று ஒன்று உண்டு. நிரல் மூலமாக ஆஸ்டெரிஸ்கை இயக்குகிற வழி அது. அதை இந்த வெப் சர்வர் வழியாகவும் திறந்துவிடலாம். திறந்துவிட்டால், உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒரு வரி தட்டி, உங்கள் எக்ஸ்சேஞ்சை உங்கள் செலவில் போன் போட வைக்கலாம். 'ஒரிஜினேட்' என்று அந்தக் கட்டளைக்குப் பெயர்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இதைச் செய்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. பூட்டுக்கு மேல் பூட்டு போட்டுத்தான் கையில் கொடுக்கிறார்கள்.

1. வெப் சர்வர் மூடியே இருக்கும். 'எனேபிள்டு' வரியை நீங்களே திறக்க வேண்டும்.

2. மாதிரிக் கோப்பில் பைண்ட்அட்ரஸ் 127.0.0.1. அதாவது, அதே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நிரல் மட்டும்தான் கூப்பிட முடியும். வெளியாளுக்கு அந்தக் கதவு கண்ணுக்கே தெரியாது.

3. மேனேஜர் இன்டர்ஃபேஸ் தனியாக மூடியிருக்கும். அது மேனேஜர்.கான்ஃப் என்ற வேறொரு கோப்பு.

4. அதைத் திறந்தாலும், வெப் வழியாக வர 'வெப்எனேபிள்டு' என்று இன்னொரு பூட்டு.

5. எல்லாம் திறந்தாலும் உள்ளே ஒரு பயனர் கூட கிடையாது. நீங்களே பெயர், பாஸ்வேர்டு, எந்த ஐபி முகவரியில் இருந்து வரலாம், என்னென்ன அதிகாரம் என்று எழுத வேண்டும்.

ஐந்து பூட்டு. நம் அண்ணன்மார் பாடம் எப்படி இருக்கும் தெரியுமா? எனேபிள்டு யெஸ். பைண்ட்அட்ரஸ் 0.0.0.0. மேனேஜர் யெஸ். வெப்எனேபிள்டு யெஸ். பயனர் அட்மின், பாஸ்வேர்டு அட்மின், ரீட் ஆல், ரைட் ஆல். "சேவ் செய்து ரீலோட் கொடுங்கள். வாழ்த்துகள்!" ஐந்து பூட்டுக்கும் சாவி போட்டுத் திறந்துவிட்டு, சாவியை வாசல் ஆணியிலேயே மாட்டிவிட்டு, வாழ்த்து வேறு!

இதில் இன்னொரு கொடுமை. பின்னால் வந்த பதிப்புகளின் மாதிரிக் கோப்பைத் திறந்து படித்தால், பைண்ட்அட்ரஸுக்கு இயல்பு மதிப்பு என்று எதுவும் கிடையாது, நீங்களே எழுதினால்தான் சர்வர் ஓடும் என்று தெளிவாகப் போட்டிருக்கும். அதாவது "டீஃபால்ட்டா அப்படித்தான் இருந்துச்சு சார்" என்று யாரும் தப்பிக்க முடியாது. அந்த நாலு சைபரை ஒரு மனுஷன் தன் விரலால் தட்டியிருக்கிறான். காசோலையில் கையெழுத்து மாதிரியேதான். மேனேஜர் கோப்பிலும் பொது இணையத்தில் இதைத் திறக்காதே, வெளியில் இருந்து வேண்டுமென்றால் விபிஎன், எஸ்எஸ்எச் மாதிரி சுரங்கப் பாதை வழியாக வா என்று எச்சரிக்கை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

அந்தக் கையெழுத்தைப் போட்ட மகானுபாவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

போன வருஷ லீவில் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் கடை ஆபீசில் கணக்கு எழுதப் போனேன். மொத்த வியாபாரம். பாக்கி வசூலுக்கு தினமும் நாற்பது ஐம்பது போன். நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்துவது கடுப்பாக இருக்கிறது என்று, லிஸ்ட்டில் பெயரைத் தட்டினால் போன் தானாகப் போகிற மாதிரி ஒரு பக்கம் செய்து கொடுக்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன். ஆபீசில் ஏற்கனவே யாரோ ஆஸ்டெரிஸ்க் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு பாடத்தை எடுத்தேன், ஐந்து வரி ஒட்டினேன். பெயரைத் தட்டினேன், மேஜையில் மணி அடித்தது. அண்ணாச்சி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். வீட்டில் இருந்தும் வேண்டும் என்றார். ரூட்டரில் 8088-ஐத் திறந்துவிட்டேன். ஹீரோ ஆகிவிட்டேன், ஹி ஹி.

பதினோராம் நாள் திங்கட்கிழமை காலையில் எந்தப் போனும் வெளியே போகவில்லை. லைன் கொடுக்கும் கம்பெனிக்கு முன்பணமாகக் கட்டி வைத்திருந்த 18,400 ரூபாயும் காலி. ஞாயிறு ராத்திரி இரண்டு மணியில் இருந்து வரிசையாக வெளிநாட்டு அழைப்புகள். லாகைத் திறந்து பார்த்தால், நான் வைத்த அதே அட்மின் பெயரில், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு ஐபியில் இருந்து மேனேஜருக்குள் நுழைந்திருக்கிறார்கள். எதையும் உடைக்கவில்லை. வாசல் வழியாக, சாவி போட்டு, மரியாதையாக வந்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி திட்டவில்லை. பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இத எந்தத் தலைப்புல எழுதட்டும்?"

மூன்று வருஷமாக நான் படிக்கிற படிப்பில் அதற்கு பதில் இல்லை. டெலிபோன் செலவா? திருட்டு நஷ்டமா? இல்லை, என் சம்பளத்தில் பிடித்தமா? அவர் கடைசியில் டெலிபோன் செலவில்தான் எழுதினார். எனக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்கிப்போகும்.

அந்தக் கேள்விதான் இந்தப் பாடம் எழுதுகிறவர்களுக்கு விளங்காத இடம். சாதாரண வெப்சைட்டை எவனாவது உடைத்தால் பக்கம் அசிங்கமாகும், பேக்கப் எடுத்துப் போட்டுவிடலாம். டெலிபோன் சர்வர் அப்படி இல்லை. அதன் இன்னொரு முனையில் மீட்டர் ஓடுகிறது. ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவருடைய பணம். உடைத்தவனுக்கு அந்தப் பணம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் எளிய கணக்குதான். கூப்பிடுகிறவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை அந்த நம்பரை வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் பிரீமியம் நம்பர்கள் பல நாடுகளில் உண்டு. அப்படி ஒரு நம்பரை வாடகைக்கு எடுப்பது, பிறகு அடுத்தவன் எக்ஸ்சேஞ்சில் நுழைந்து தன் நம்பருக்குத் தானே மணிக்கணக்கில் போன் போட வைப்பது, பங்கை வாங்கிக்கொண்டு போவது. பேசுவதற்கு ஆளே வேண்டாம். அதனால்தான் சனி, ஞாயிறு ராத்திரியாகப் பார்த்து நடக்கும். திங்கட்கிழமை கண் விழிக்கும்போது கதை முடிந்திருக்கும்.

"நம்மள மாதிரி சின்ன ஆபீச யாரு சார் தேடி வரப் போறான்?" இது முதல் சமாதானம். 2014-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து நார்கிராஸ் ஊரில் ஏழு பேர் வேலை பார்த்த ஒரு கட்டட வரைபட ஆபீஸ். அவர்கள் டெலிபோன் அமைப்புக்குள் யாரோ புகுந்து, ஒரே வார இறுதியில் காம்பியா, சோமாலியா, மாலத்தீவு என்று பேசித் தீர்த்த பில் 1,66,000 டாலர். அவர்கள் வழக்கமாகப் பேசும் கணக்குக்கு அந்தப் பில் வர 34 வருஷம் ஆகுமாம். அங்கே திறந்திருந்தது எந்தக் கதவோ, அது வேறு விஷயம். ஏழு பேர் ஆபீஸ் என்பதுதான் இங்கே பாடம். அதோடு, உங்களை யாரும் 'தேடி' வருவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் செய்த இசட்மேப் என்ற கருவி, நல்ல இணைப்பு இருந்தால், ஐபிவி4 இணையம் முழுவதையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். தெருத் தெருவாக எல்லாக் கதவையும் தள்ளிப் பார்க்கிறவனுக்கு சின்ன வீடு, பெரிய வீடு எல்லாம் ஒன்றுதான். அதிலும் நம் சர்வர், கேட்டவுடன் "நான் ஆஸ்டெரிஸ்க், என் பதிப்பு இது" என்று பெயரையும் சொல்லிவிடும். அவ்வளவு மரியாதை!

"பாஸ்வேர்டுதான் இருக்கே?" இது இரண்டாவது. இருக்கிறது. ஆனால் அந்தப் பாடங்கள் சொல்லித் தருகிற எளிய வழியில், பயனர் பெயரும் பாஸ்வேர்டும் முகவரி வரியிலேயே போகும். 8088-ல் பூட்டு இல்லாத வெறும் எச்டிடிபி. நடுவில் எவன் பார்த்தாலும் படிக்கலாம். பிரவுசர் ஹிஸ்டரியிலும் உட்கார்ந்திருக்கும். தவிர, பாடத்தில் இருந்த பாஸ்வேர்டை நீங்கள் மாற்றினீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நான் மாற்றவில்லை. ஆஸ்டெரிஸ்கின் சொந்த ஆவணத்திலேயே ஏஆர்ஐ என்ற புதிய இன்டர்ஃபேஸுக்கான ஆரம்பப் பாடத்தில் 0.0.0.0-வும், பயனர் ஆஸ்டெரிஸ்க், பாஸ்வேர்டு ஆஸ்டெரிஸ்க் என்பதும் வரும். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே, இது பாடத்துக்கு மட்டும், நிஜத்தில் வைத்தால் படுமோசம் என்று எச்சரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எழுதுகிற நம் ஆட்கள் நாலு சைபரைக் காப்பி அடிக்கிறார்கள், எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள். பரீட்சையில் காப்பி அடிக்கிறவன் கூட முழுசாக அடிப்பான்!

"அப்போ டிஎல்எஸ் போட்டு 8089-ல வெச்சுக்கறேன்." மூன்றாவது. நல்லது, போடுங்கள். ஆனால் டிஎல்எஸ் என்பது மூடிய கவர். நடுவில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. கவருக்குள் கடிதம் எழுதியது யார் என்று அது பார்க்காது. திருடனும் கவரில் போட்டே அனுப்பலாம். அதோடு, பாஸ்வேர்டு வரைக்கும் போகவே வேண்டியிராத ஓட்டைகளும் வந்து போயிருக்கின்றன. 2014-ல் மட்டும் இந்தக் குட்டி சர்வரில் இரண்டு. ஒன்று, குக்கீ தலைப்புகளை அளவுக்கு மீறி அனுப்பினால் சர்வர் நிலைகுலையும். இன்னொன்று, இணைப்பை மட்டும் ஏற்படுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தால் இருக்கிற இடமெல்லாம் நிரம்பி, உண்மையான ஆள் உள்ளே வர முடியாது. இரண்டையும் அப்போதே சரி செய்துவிட்டார்கள். ஆனால் ஒரு தடவை போட்டுவிட்டு வருஷக்கணக்கில் அப்டேட்டே செய்யாத பெட்டிகள் எத்தனை மேஜைக்கு அடியில் தூசியோடு கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

"அட, பிரவுசர்லயே போன் பேசணும்னா சர்வர் வெளிய தெரிஞ்சாகணுமே?" இது மட்டும்தான் நியாயமான கேள்வி. ஆமாம். வெப்ஆர்டிசி வேண்டுமென்றால் பிரவுசர் எப்படியாவது ஆஸ்டெரிஸ்கின் வெப்சாக்கெட்டை வந்து தொட வேண்டும். ஆனால் அதற்கு ஒரே ஒரு பாதை போதும். ஆஸ்டெரிஸ்கை 127.0.0.1-லேயே விட்டுவிட்டு, முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சியை நிறுத்தி, அந்த வெப்சாக்கெட் பாதையை மட்டும் உள்ளே அனுப்பச் சொல்லலாம். மேனேஜர், ஏஆர்ஐ எல்லாம் வெளியில் இருந்து பார்த்தால் இல்லவே இல்லை. கடை முன்பக்கம் ஷட்டர் திறந்திருப்பதற்காக கல்லாப்பெட்டியையும் திறந்து வைக்கிறோமா என்ன?

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். உள்கட்டுப்பாடு என்று எங்களுக்கு தணிக்கைப் பேப்பரில் ஒரு அத்தியாயம் உண்டு. தூங்கி வழிந்த அத்தியாயம். அதன் சாரம் இவ்வளவுதான்: செலவு செய்ய அனுமதிப்பவன், செலவு செய்பவன், கணக்கு எழுதுபவன் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒவ்வொருவர் அதிகாரத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஆஸ்டெரிஸ்க் கோப்பைத் திறந்து பார்த்தால் இதே அத்தியாயத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். மேனேஜர் பயனருக்கு அதிகாரம் தனித்தனி வகையாக இருக்கிறது. போன் போட ஒன்று, கட்டளை கொடுக்க ஒன்று, கான்ஃபிக் மாற்ற ஒன்று, சிஸ்டத்தைத் தொட ஒன்று. எங்கிருந்து வரலாம் என்பதற்கு பெர்மிட், டினை. 'ஆல்' என்று எழுதுவது, கடைப்பையனிடம் கையெழுத்துப் போட்ட காசோலைப் புத்தகம், பேங்க் லாக்கர் சாவி, முதலாளி மோதிரம் மூன்றையும் கொடுத்து டீ வாங்கி வரச் சொல்வது.

அதனால் பாடம் எழுதுகிற அண்ணன்மார்களே, உங்களை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதாவிட்டால் என்னை மாதிரி ஆட்கள் கற்றுக்கொள்வது எங்கே? கேட்பது நாலே நாலு வரி.

பைண்ட்அட்ரஸ் 127.0.0.1 என்றே எழுதுங்கள். வெளியில் இருந்து வேண்டுமானால் எஸ்எஸ்எச் சுரங்கம் அல்லது விபிஎன், இல்லாவிட்டால் முன்னால் ஒரு ப்ராக்ஸி என்று எழுதுங்கள். பயனருக்கு அந்த வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும், குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் என்று எழுதுங்கள். கடைசியாக, ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் 'எச்டிடிபி ஷோ ஸ்டேட்டஸ்' என்று தட்டி, எந்த முகவரியில் திறந்திருக்கிறது, என்னென்ன பாதைகள் திறந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாழ்த்துச் சொல்லுங்கள்.

ஏற்கனவே ஆஸ்டெரிஸ்க் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே அந்தக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். நாலு சைபர் தெரிந்தால் ஏன் என்று போட்டவரைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். லைன் கொடுக்கிற கம்பெனியிடம் வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அடைக்கச் சொல்லுங்கள். தேவை என்றால் தினசரி உச்சவரம்பு கேளுங்கள். எங்கள் அண்ணாச்சி தப்பித்ததே முன்பணக் கணக்கு என்பதால்தான். அதோடு நின்றது. மாதக் கடைசியில் பில் வருகிற கணக்காக இருந்திருந்தால், பாதி நீளத்துக்குக் கூட இதை எழுதுகிற தைரியம் எனக்கு வந்திருக்காது.

"அது செக்யூரிட்டி ஆளுங்க பாக்க வேண்டிய விஷயம்" என்று யாராவது சொன்னால் ஒன்று மட்டும் சொல்கிறேன். மேஜைக்கு அடியில் ஓடுகிற பெட்டிக்கு செக்யூரிட்டி ஆள் யாரும் கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் யாரோ எழுதிய ஒரு பாடமும், அதை ஒட்டிய ஒரு பையனும், கடைசியில் பில் கட்டுகிற ஒரு முதலாளியும்தான். மூவரில் தப்பு செய்யாதவர் ஒருவர்தான். பணம் கட்டுவதும் அவர்தான்.

பி.கு: அந்த 18,400-ல் பாதியை டியூஷன் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதியை அண்ணாச்சி வேண்டாம் என்கிறார். விடுவதாக இல்லை. :-)